வீட்டிலிருந்தே ஆள் தெரிவு செய்பவர்களுக்கு

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் தந்த தலைப்பு 'வீட்டிலிருந்து இயங்கும் ஆட்சேர்ப்புக் குழுக்கள் சிறப்பாகப் பணியாற்றுவது எப்படி' என்பது. முதலில் கேட்டபோது, "இதை ஏன் ஒரு வைத்தியரிடம் கேட்கிறீர்கள்?" என்றேன். எங்கள் துறையில் முதல் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சையே கிடையாது. மருத்துவ பீடத்தில் எடுத்த புள்ளிகளின் வரிசைப்படி உள்ளகப் பயிற்சிக்கு இடம் தருவார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே நேர்முகப் பரீட்சை என்றால் என்னவென்று நான் அறிந்ததெல்லாம் மேசையின் மற்றப் பக்கத்தில், கேள்வி கேட்பவர்களின் பக்கத்தில் இருந்துதான். கிராமங்களில் சுகாதாரப் பணி செய்யும் ஒரு தொண்டு அமைப்புக்குக் களப் பணியாளரைத் தெரிவு செய்யும் குழுவில் 2020 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இருக்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழு. நான் வவுனியாவில், ஒருவர் கிளிநொச்சியில், ஒருவர் வெள்ளவத்தையில், ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். ஐந்து பேருமே அவரவர் வீட்டில் இருந்துதான் இந்த வேலையைச் செய்கிறோம். இந்த மண்டபத்தில் வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மனிதவளப் பிரிவில் இருக்கிற பழைய மாணவிகள் பலர் இருக்கிறீர்கள். நான் சொல்வதை ஒரு வைத்தியரின் அவதானம் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் அனுபவத்தோடு உரசிப் பாருங்கள்.

தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். 'ஆட்சேர்ப்பு' என்பது அகராதியிலும் அரச சுற்றறிக்கையிலும் சரியான சொல். ஆனால் வன்னியில் பிள்ளை வளர்த்த ஒரு தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்கு நினைவுக்கு வருவது வேலைவாய்ப்பு அல்ல. அதனால் எங்கள் குழுவின் கடிதங்களில் 'வேலைக்கான தெரிவு' என்றுதான் எழுதுகிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

என் வயதுக்காரருக்கு நேர்முகப் பரீட்சை என்றால் கொழும்பு. காலை ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் முதல் நாள் இரவே வவுனியாவில் புகையிரதம் ஏற வேண்டும். அதற்கு முன்னர் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் என்றால் என்னவென்று தங்கைமாருக்குத் தெரியாது, தெரியாமலிருப்பது நல்லதே. வவுனியாவைத் தாண்டித் தெற்கே போவதற்கு எங்களுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. வரிசையில் நின்று, பிணையாளியைக் காட்டி, திகதி குறித்து வாங்க வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர் வந்து சேர்ந்தால் அந்த வேலை போனதுதான். ஓமந்தைக்கு அப்பால் இருந்தவர்களின் நிலை இதைவிட மோசம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ9 வீதி மறுபடியும் மூடப்பட்ட பிறகு அங்கே கடிதம் எங்கே, பயணம் எங்கே!

இன்று ஒட்டுசுட்டானில் இருக்கிற பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கொழும்பு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றலாம். 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் இதைத் தொடங்கின. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும் அது இன்னும் பரவியது. அந்த ஜூன் மாதத்தில் அரச அலுவலகங்களுக்கே வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு, வரவழைக்கும் ஊழியர் தொகையையும் குறைத்தார்கள். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நெருக்கடிகள் தணிந்த பிறகும், வீட்டிலிருந்தே ஆட்களைத் தெரிவு செய்யும் வழக்கம் நின்றுவிட்டது. நான் இதை வரவேற்கிறேன். இரவுப் பஸ், தங்குமிடம், கூடப் போக ஒரு அண்ணனோ மாமாவோ, இவற்றுக்கான காசு ஆகியவை எல்லாம் இல்லாமலே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு ஓசையில்லாமல் மூடிக்கொள்ளவும் கூடும். முன்னர் பாஸ் கிடைக்காமல் போகாதிருந்தவருக்குத் தான் ஏன் அந்த வேலையை இழந்தார் என்பது தெரியும். இப்போது சிக்னல் குறைவால் ஒரு பிள்ளை வேலையை இழந்தால் அது அவருக்கும் தெரியாது, தெரிவு செய்தவருக்கும் தெரியாது. இரு பக்கமும் 'அவருக்குத் தகுதி போதாது' என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இது என் கற்பனை அல்ல. ஜெர்மனியில் ஷோனென்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொலைபேசி உரையாடலில் குரல் போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகத் தாமதித்தாலே, பேசுபவர்கள் அந்தக் குறையை இணைப்பின்மேல் போடுவதில்லை. எதிரில் இருப்பவருக்குக் கவனம் இல்லை, சிநேகமாகப் பேசுகிறார் இல்லை என்று அவருடைய குணத்தின்மேல் போடுகிறார்கள். 2025 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷோல் என்பவரின் குழு இன்னொன்றைக் காட்டியது. ஒரே பேச்சைத் தெளிவான குரலிலும், மலிவான ஒலிவாங்கியில் பேசினால் வரும் தகரக் குரலிலும் மக்களுக்குக் கேட்க வைத்தார்கள். சொற்கள் இரண்டிலும் நன்றாகவே விளங்கின. இருந்தும் தகரக் குரலுக்குரியவரை வேலைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்குக் குறைவான மதிப்பே கிடைத்தது. நல்ல ஒலிவாங்கி வைத்திருப்பவர் யார், பழைய கைத்தொலைபேசியில் பேசுபவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குழுவில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை தோற்றியிருந்தார். கேள்வி கேட்டால் சற்று நேரம் மௌனம். பிறகே பதில் வரும். வெளிநாட்டில் இருந்த எங்கள் உறுப்பினர், "நல்ல பிள்ளை, ஆனால் சுறுசுறுப்புக் காணாது" என்று குறித்தார். கிளிநொச்சி உறுப்பினர் உடனே, "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, சாதாரண கோலில் எடுத்துப் பார்ப்பம்" என்றார். சாதாரணத் தொலைபேசி அழைப்பில் அதே பிள்ளை நாங்கள் கேள்வியை முடிக்க முன்னரே பதில் சொன்னார். மௌனம் முழுவதும் இணைப்பினுடையது. இன்று அவர் எங்கள் மிகத் திறமையான பணியாளர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். முகம் காட்டி வணக்கம் சொன்னதும் எல்லா விண்ணப்பதாரிகளுக்கும் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது. நல்ல இணைப்பு உள்ளவருக்கும் அப்படியே. ஒருவருக்கு முகம், இன்னொருவருக்குக் குரல் என்றால் ஒப்பிட முடியாது. கேள்விகள் தொடங்க முன்னர் ஒரு வசனத்தைக் கட்டாயம் சொல்வோம்: "இணைப்புத் துண்டித்தால் பதற வேண்டாம், நாங்களே உங்களைத் தொலைபேசியில் எடுப்போம், அதற்காகப் புள்ளி குறையாது." இதைச் சொன்ன மறுகணம் அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சுக் கேட்கும். முதல் நாள் மாலையில் ஐந்து நிமிடப் பரிசோதனை அழைப்பும் எடுக்கிறோம். அதை எடுப்பவருக்குப் புள்ளி போடும் உரிமை இல்லை. "எந்த இடத்தில் இருந்தால் சிக்னல் நன்றாக இருக்கும், டேட்டா இருக்கிறதா, வீட்டில் சத்தம் குறைந்த நேரம் எது?" என்று மட்டும் கேட்பார். தேவைப்பட்டால் ரீலோட்டும் போட்டுவிடுவார். கொழும்புக்கு ஒருவரை வரவழைக்கும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் பாருங்கள்.

அடுத்தது புள்ளி போடும் முறை. இதில் மனிதவளத் துறைக்காரர் அறிந்த ஒன்றைத்தான் சொல்கிறேன். ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 1998 இல், 85 ஆண்டு காலத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதிய கட்டுரை அந்தத் துறையில் பிரபலமானது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்னரே தீர்மானித்த அளவுகோலால் அளக்கிற நேர்முகம், மனம் போன போக்கில் பேசிப் பார்க்கிற நேர்முகத்தைவிட நல்ல பணியாளரை இனம் காட்டும் என்பது அதில் தெரிந்தது. பின்னர் வந்த மீள்கணிப்புகளிலும் அது நிலைத்திருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும்போது இதை அரைகுறையாகச் செய்தாலும் எப்படியோ சமாளிக்கலாம். தேநீர் இடைவேளையில் ஒருவரோடு ஒருவர் பேசித் தெளிந்துகொள்வீர்கள். வீட்டிலிருந்து செய்யும்போது அந்தத் தேநீர் இடைவேளை இல்லை. அதன் இடத்தை வட்ஸ்அப் குழு பிடித்துக்கொள்கிறது. நேர்முகம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பெருவிரல் படம் போடுவார். அதைப் பார்த்த மற்றவரின் பேனா தானாகவே புள்ளியைக் கூட்டும். ஒரு எக்ஸ்ரேயை இரண்டு வைத்தியர்கள் பார்க்க வேண்டும் என்றால், முதலாமவர் என்ன கண்டார் என்று சொல்லாமல்தான் இரண்டாமவரிடம் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுத்தால் அது இரண்டு பார்வை அல்ல, ஒரே பார்வை. ஆகவே நேர்முகம் முடிந்து அவரவர் புள்ளிகளை அனுப்பும் வரை எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. புள்ளிகள் எல்லாம் ஒருங்கிணைப்பாளரிடம் வந்த பிறகே விவாதம். எங்கு அதிக வித்தியாசம் இருக்கிறதோ அங்கேதான் நேரத்தைச் செலவிடுகிறோம். எல்லாரும் ஒரே புள்ளி போட்ட இடத்தில் பேச என்ன இருக்கிறது?

வார்ட்டில் ஷிப்ட் மாறும்போது தாதியர் ஒவ்வொரு கட்டிலாக நின்று கையளிப்பார்கள். எந்த நோயாளிக்கு என்ன செய்தாயிற்று, என்ன மிச்சம், எதைக் கவனிக்க வேண்டும் என்று. வீடுகளில் சிதறி இருக்கும் தெரிவுக் குழுவுக்கும் அப்படியொரு கையளிப்பு வேண்டும். எங்களிடம் எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரேயொரு அட்டவணை இருக்கிறது. விண்ணப்பம் வந்த திகதி, யார் தொடர்புகொண்டது, அடுத்தது என்ன, யார் பொறுப்பு. 'வேண்டாம்' என்று எழுதினால் பக்கத்தில் ஒரு வரியில் காரணமும் எழுத வேண்டும். 'சரிவராது போலத் தெரிகிறது' என்பது காரணம் அல்ல. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது, பணியிடம் அவருடைய வீட்டிலிருந்து எட்ட முடியாத தூரம் என்பவை காரணங்கள். காரணம் எழுதச் சொன்னதும் நிராகரிப்புகள் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுத உட்காரும்போதுதான் தன்னிடம் காரணம் இல்லை என்பது ஒருவருக்குத் தெரியவரும்.

இனி, தெரிவு செய்பவரின் வீடு. உங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து நீங்கள் பேசும்போது இன்னொருவரின் வாழ்க்கை உங்கள் வீட்டுக்குள் ஒலிக்கிறது. அவருடைய சம்பளம், குடும்ப நிலை, சில வேளைகளில் நோய் விவரம்கூட. காதில் செவிப்பொறியை மாட்டிக்கொள்ளுங்கள், கதவைச் சாத்துங்கள். கதவு இல்லாத வீடென்றால் முற்றத்துக்குப் போங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் பிள்ளைகள் விளையாடும் கைத்தொலைபேசியில் கிடக்கக் கூடாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று எங்கள் நாட்டில் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு நோயாளியின் அட்டையை நான் வீட்டு மேசையில் விரித்துவைக்க மாட்டேன் அல்லவா, அதே மரியாதைதான். எங்கள் குழுவில் ஆவணங்களை வட்ஸ்அப்பில் வாங்குவதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறோம். தெரிவு முடிந்ததும் எடுபடாதவர்களின் பிரதிகளை அழித்துவிடுகிறோம்.

மற்றப் பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது. இதை வெளியூரில் இருந்து வன்னிப் பிள்ளைகளை நேர்முகம் காண்பவர்கள் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். அந்தப் பிள்ளை தனியறையில் இல்லை. பக்கத்தில் அம்மா இருக்கிறார், அம்மம்மா இருக்கிறார், வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக்காரரும் இருக்கிறார். 2009 ஐச் சிறு வயதில் கடந்தவர்களின் விண்ணப்பங்களில் ஒரு இடைவெளி இருக்கும். இரண்டு பாடசாலைக்கு நடுவே ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு வெறுமையாகக் கிடக்கும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முழுமையாக மூடப்பட்டது. அங்கே இருந்து பரீட்சை எழுதியவர்கள் இருக்கிறார்கள். மூலச் சான்றிதழைப் பதுங்கு குழியோடு விட்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தன் வீட்டறையில் இருக்கும் ஒருவர் சாதாரணமாக, "இந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிடலாம். கேட்பவருக்கு அது படிவத்தில் ஒரு வெற்றிடம். பதில் சொல்ல வேண்டியவருக்கோ, அம்மா காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், இல்லாமல் போன அப்பாவைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம். அலுவலகத்தில் கேட்டிருந்தாலாவது அவர் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். வேலைக்கு அவசியமில்லாத கடந்த காலத்தைக் கேட்க வேண்டாம். 'கணவர் என்ன செய்கிறார்' என்ற கேள்வியும் அப்படித்தான். வன்னியில் எத்தனை வீடுகளில் பெண்ணே குடும்பத் தலைவி என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சான்றிதழ் இல்லை என்றால் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை உறுதிப்படுத்தி எடுக்கலாம், அதற்கு அவகாசம் கொடுங்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் உண்மையான நிறுவனமும், வீட்டிலிருந்து ஆள் பிடிக்கும் மோசடிக்காரனும் கைத்தொலைபேசித் திரையில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் வருவார்கள், இரண்டு பேரும் சூமில் நேர்முகம் வைப்பார்கள், இரண்டு பேரும் மரியாதையாகவே பேசுவார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதும், அவர்களை அரசு மீட்டுக் கொண்டுவந்ததும் பத்திரிகைகளில் வந்த செய்தி. கடன்பட்ட வீடுகள் அதிகமுள்ள ஒரு பிரதேசத்தில் இந்தத் தூண்டில் எளிதில் மாட்டும். ஆகவே நல்ல நிறுவனத்தின் தெரிவுக் குழு, விண்ணப்பதாரி தன்னைச் சோதித்துப் பார்க்கத் தானே வழிசெய்து கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சலிலிருந்து மட்டும் எழுதுங்கள். நிலையான தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "இதற்கு எடுத்து நாங்கள் யார் என்று விசாரித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பேசுபவரின் முழுப் பெயரையும் பதவியையும் முதலிலேயே சொல்லுங்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு சதமும் கேட்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். தங்கைமாரே, வெளிநாட்டு வேலை என்றால் முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம். விசாரித்ததற்காகக் கோபிக்கிறவனிடம் வேலையும் இல்லை.

வைத்தியர் என்ற முறையில் தெரிவு செய்பவர்களின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் பேசாவிட்டால் நீங்கள் என்னை அழைத்ததற்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட கணிப்பில், கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிட 35 வீதம் அதிகம் என்றிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அலுவலகம் மூடும் நேரம் என்று ஒன்று இல்லை. பெண்ணாக இருந்தால் அடுப்பும் அதே வீட்டில்தான். இரவு பத்து மணிக்கு விண்ணப்பங்களைத் திறக்கும் ஒருவர், காலையில் பார்த்த அதே நிதானத்தோடு அவற்றைப் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. திரையில் நெடுநேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும், மற்ற முகங்கள் மிக நெருக்கமாகத் தெரிவதும் மூளையைக் களைப்படையச் செய்கின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021 இல் எழுதினார். உங்கள் சொந்த முகத்தைத் திரையில் மறைத்துவிடுங்கள். எங்கேயோ ஒரு பொத்தான் இருக்கிறது, என் மகள்தான் எனக்குக் காட்டித் தந்தாள். நாங்கள் ஒரு மாலையில் நான்கு பேருக்கு மேல் நேர்முகம் காண்பதில்லை. ஐந்தாவது பிள்ளைக்கு எங்கள் களைப்பைக் கொடுக்க முடியாது.

நேர வித்தியாசம் ஒரு தனிக் கதை. எங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை பத்தரை, லண்டனில் பிற்பகல் மூன்றரை. மாரியில் இரண்டும் ஒரு மணித்தியாலம் முன்னால் போய்விடும். மார்ச் மாதத்தில் கனடாக்காரர் மணிக்கூட்டை மாற்றி இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் பிரித்தானியர் மாற்றுவார்கள். அந்த நாட்களில் எங்கள் கூட்டத்துக்கு ஒருவர் முந்தி வந்துவிடுவார், ஒருவர் பிந்தி வருவார். இப்போது எல்லா அழைப்பிலும் 'இலங்கை நேரம்' என்று மட்டுமே போடுகிறோம். வெளிநாட்டில் இருப்பவருக்கு வசதியான நேரத்துக்காக ஊரில் இருக்கும் பிள்ளையை இரவு பத்து மணிக்கு வெளிச்சமில்லாத முற்றத்தில் சிக்னலைத் தேடி நிற்க வைக்கக் கூடாது என்பதும் எங்கள் விதி. ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் உறுப்பினர் இதற்காக அதிகாலையில் எழும்புகிறார். திரையில் சிரிக்கிறா, அவதான், தெரிகிறது.

எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. களத்தில் வேலை செய்ய வேண்டிய ஒருவரைக் கடைசிக் கட்டத்தில் நேரில் காண வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் எங்களையும் எங்கள் வேலையையும் நேரில் காண வேண்டும். கடைசி மூன்று பேரை வேலை நடக்கும் கிராமத்துக்கே அழைத்து, ஏற்கெனவே இருக்கும் பணியாளரோடு ஒரு நாள் சுற்றச் சொல்கிறோம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அந்த ஒரு நாளில், "இந்த வேலை எனக்குச் சரிவராது அக்கா" என்று தாங்களே சொல்லி விலகியவர்களும் உண்டு. ஆறு மாதம் கழித்து விலகுவதைவிட அது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

எடுபடாதவருக்குப் பதில் அனுப்புங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது மறந்துபோவது இதுதான். முன்னரெல்லாம் அலுவலக வாசலில் பட்டியலாவது ஒட்டுவார்கள். இப்போது சூம் அழைப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை மாதக்கணக்கில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கமில்லை, வயிற்றெரிவு என்று கிளினிக்குக்கு வரும் இளம் பெண்களில் சிலருக்கு மருந்தைவிட ஒரு பதில் கடிதம்தான் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு வரி போதும். எடுபடவில்லை என்பதும், எந்த விடயத்தில் இன்னும் பயிற்சி எடுத்தால் நல்லது என்பதும்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. எங்கள் பாடசாலையில் கணினி அறை இருக்கிறது, இணைய இணைப்பும் இருக்கிறது. சனி, ஞாயிறு அது பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு மூலையை மறைத்து, நல்ல ஒலிவாங்கியுள்ள ஒரு கணினியையும் மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு பற்றரியையும் வைத்தால், இந்த மாவட்டத்தில் நேர்முகப் பரீட்சை உள்ள எந்தப் பிள்ளையும் வந்து இருந்து பேசிவிட்டுப் போகலாம். எங்கள் பாடசாலைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பூநகரி, துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே வருவது தூரம். அங்கங்கே உள்ள பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களோடு பேசினால் அங்கேயும் ஒவ்வொரு மூலை கிடைக்கும். திறப்பை யார் வைத்திருப்பது என்ற பிரச்சினை வரும், வரத்தான் செய்யும்; மாதத்துக்கு ஒருவர் என்று நாங்கள் நான்கைந்து பேர் முறை போட்டுப் பொறுப்பெடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தை மாதம் எனக்கு. வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் தந்தால், உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஒத்திகை நேர்முகம் நடத்தலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

ஒத்திகைக்கான கேள்விகளை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பிரதிகள் வாசலில் இருக்கின்றன. மூன்றாவது வரிசையில் ஒரு தங்கச்சி கனநேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறா. நீங்கள் கேளுங்கோ அம்மா, ஒலிவாங்கியை அவவிடம் கொடுங்கள்.